இராஜாங்கம் வீட்டு முகவரி

வலங்கைமான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செம்மொழி லேசில் யாருக்கும் பணிந்து போகிறவள் அல்ல. நாற்பத்தோரு வயது. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "நேரம் கெடைக்கலீங்க" என்பாள். மறுபடியும் கேட்டால், "எத்தனை காப்பி வேணும், அதைச் சொல்லுங்க" என்று மெஷின் பக்கம் திரும்பிவிடுவாள்.

கடையிலிருந்து நாலு கிலோமீட்டரில் ஊர். அங்கே அவளும் அம்மா ரெங்கம்மாளும் இருக்கிறார்கள். அப்பா இராஜாங்கம் இறந்து ஆறு வருஷம். அண்ணன் அண்ணாதுரை குவைத்தில் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் போர்மேன். தம்பி புகழேந்தி பக்கத்துத் தெருவில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். மண் காண்டிராக்டர் சாமிதுரையிடம் டிப்பர் லாரி ஓட்டுகிறான். இவர்களையும், சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கும் சித்தப்பா பெரியப்பா மக்களையும் சேர்த்து நாற்பத்தேழு பேர் ஒரே குரூப்பில் இருந்தார்கள். எல்லோர் போனிலும் இருக்கிற செயலிதான். குரூப்பை ஆரம்பித்தவள் செம்மொழி.

ரெங்கம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தனியாகப் போனும் கிடையாது. நடவுக்குப் போய்த் திரும்பியதும் கையைத் துடைத்துக்கொண்டு மகளின் போனை வாங்குவாள். பட்டனை அமுக்கிப் பிடித்துப் பெரிய மகனிடம் பேசி அனுப்புவாள். பசு கன்று போட்டது, முழங்கால் வலி, எந்த வயலில் எத்தனை ஆள் என்று எல்லாம் அதில் வரும். மறுநாள் அவன் பதில் வந்து நிற்கும். அந்தக் குரலைக் கேட்காமல் அவள் சோற்றில் கை வைப்பதில்லை.

வம்பு வைகாசி மாதத் தொடக்கத்தில் வந்தது. ஆற்றில் தண்ணீர் திறக்கும் முன்பு தூர்வாருகிறோம் என்று சொல்லி வாய்க்காலில் பொக்லைன் இறங்கியது. இறங்கிய பொக்லைன் வண்டலை விட்டுவிட்டுக் கரையை வெட்டி டிப்பரில் ஏற்றியது. கரை போனால் முதல் தண்ணீரிலேயே நாற்றங்கால் மூழ்கும். கடைக்குப் போகிற வழியில் செம்மொழி ஸ்கூட்டரை நிறுத்தி இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்தாள். லாரி நம்பர்கள் பளிச்சென்று விழுந்தன. அதில் ஒன்று தம்பியின் வண்டி என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் குரூப்பில் போட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் அது மூன்று தாலுகா சுற்றிவிட்டது.

புகழேந்தி கடைக்கே வந்துவிட்டான்.

"ஏன்க்கா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா?"

"கரையில மண்ணள்ளுறது நீ. நான் எடுத்துக் காட்டுனேன், அவ்வளவுதான்."

"எனக்குச் சாமிதுரை சோறு போடுறாரு."

"அந்தக் கரை நம்ம ஊருக்கே சோறு போடுது."

அவன் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் காலையில் போனைத் திறந்தால், விதிமுறைகளை மீறியதால் அவளுடைய கணக்கு மூடப்பட்டுவிட்டது என்று ஒரே ஒரு வரி இருந்தது. எந்த விதி என்று இல்லை. மறுபரிசீலனை கேட்கும் பட்டன் இருந்தது. என்ன நடந்தது என்று ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. எழுதியதைப் படிக்கவே இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகுமே என்று அவள் நினைத்தாள். அவள் போனில் குரூப் இல்லை. அண்ணன் குரல் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் எங்கோ பேசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் வாசலுக்கு வெளியே நின்றாள்.

மத்தியானம் சாமிதுரையின் ஆள் ஒருவன் ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்கிற சாக்கில் வந்தான்.

"நம்ம பசங்க எரநூறு பேரு சேந்து ஒங்க மேல புகார் அமுக்குனாங்கக்கா. வேற ஒண்ணுமில்ல. அந்த வீடியோ தப்புன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, நாங்களே வாபஸ் வாங்கிடுறோம். சாமிதுரை அண்ணன் சொல்லச் சொன்னாரு."

செம்மொழி காப்பியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "ஒங்க அண்ணன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. நான் எங்க ஆளுங்களோட பேசறதுக்கு அவருகிட்டயும் கேக்க மாட்டேன், அந்தக் கம்பெனிக்காரன்கிட்டயும் கேக்க மாட்டேன். காப்பிக்கு ரெண்டு ரூவா."

அண்ணாதுரை காசு செலவழித்து நேரடியாகப் போன் போட்டான். "விடு செம்மொழி. புது சிம் ஒண்ணு வாங்கிக்க. மறுபடி சேத்துக்குறோம். ஊரோட ஒத்துப் போ."

"புது சிம்மையும் எரநூறு பேரு அமுக்குவான். அப்ப இன்னொரு சிம்மா? அண்ணே, அப்பா கடுதாசி சமாச்சாரம் ஒனக்கு மறந்துபோச்சா?"

அந்தக் குடும்பத்தில் அதை மறந்தவர்கள் கிடையாது.

இராஜாங்கம் பண்ணையாளாக இருந்த காலத்தில் அவர்கள் தெருவுக்குத் தபால்காரர் வரமாட்டார். கடிதமெல்லாம் பண்ணை வீட்டு முகவரிக்கு வரும். அங்கே பிரித்து, அங்கேயே படித்து, அவர்களுக்குத் தோன்றும்போது கூப்பிட்டுக் கொடுப்பார்கள். மில் வேலைக்கு நேரில் வரச் சொல்லி இராஜாங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அப்போது அறுப்பு நேரம். அறுப்பு முடிந்து, போர் அடித்து, பதினெட்டு நாள் கழித்துக் கொடுத்தார்கள். மில்லில் சொன்ன தேதி போய்விட்டிருந்தது. இராஜாங்கம் சண்டை போடவில்லை. நேரே தபாலாபீசுக்குப் போய் வாசலில் உட்கார்ந்தார். "எங்க தெருப் பேரை எழுதி, எங்க தெருவுல வந்து குடுங்க. அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்" என்றார். இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். அந்த மாதக் கடைசியில் தபால்காரரின் சைக்கிள் முதன்முறையாக அந்தத் தெருவுக்குள் வந்தது.

"அப்பாவுக்குப் பண்ணை வீடு," என்றாள் செம்மொழி. "நமக்கு ஊரு பேரு தெரியாத ஒரு கம்பெனி. வித்தியாசம் எனக்குத் தெரியல அண்ணே."

மறுநாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டுக் கூத்தாநல்லூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீது பாலிடெக்னிக்கில் அவளோடு படித்தவன். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார்கள். கணக்கு முடங்கிப்போய், வெளிநாட்டில் இருக்கிற கணவனோடு பேச முடியவில்லை என்று வந்து நிற்கும் பெண்களை அவன் வாரத்துக்கு ரெண்டு பேராவது பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருக்கும் சொந்தமில்லாத ஒண்ணு வேணும் ஹமீது. எவனும் என்னை வெளிய தள்ள முடியாதது."

"இருக்கு. ஒண்ணு இல்ல, நாலஞ்சு இருக்கு. ஒனக்கு எது ஒத்துவரும்னுதான் பாக்கணும்."

பார்த்தார்கள். ஒரு மாதம் பார்த்தார்கள். முதலில் எடுத்தது நடுவில் எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாமல் போனுக்குப் போன் நேராகப் பேசுவது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் இரண்டு போனும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால்தான் செய்தி போகும். ரெங்கம்மாள் வயலிலிருந்து வரும் நேரத்தில் அண்ணாதுரை சாரத்தின் மேல் நிற்பான். அது சரிப்படவில்லை. அடுத்ததில் வசதிகள் ஏராளம். கடையிலிருந்த பழைய கம்ப்யூட்டர் அதைத் தாங்காமல் திணறியது. மூன்றாவதில் கணக்கைத் திறக்க இருபத்துநாலு சொற்களை மனப்பாடம் செய்யவேண்டும். தொலைத்தால் எல்லாம் போயிற்று. "எங்க பெரியம்மா வீட்டுச் சாவியையே மாசத்துக்கு ஒருவாட்டி தொலைக்குது" என்று அதையும் ஒதுக்கினாள்.

கடைசியில் நின்றது எக்ஸ்.எம்.பி.பி. என்ற புரோட்டோகால், செய்தி அனுப்புவதற்கான ஒரு பொது முறை. புதிது அல்ல, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பழையது. செய்திகளை வாங்கி அனுப்புகிற கம்ப்யூட்டராக யார் வேண்டுமானாலும் ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாம். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம். தபாலாபீஸ் மாதிரிதான்: வலங்கைமானில் போட்ட கடிதம் கூத்தாநல்லூரில் கிடைக்கும், இரண்டுக்கும் ஒரே முதலாளி இருக்கவேண்டியதில்லை. போன் நம்பர் கேட்காது. ஒரு பெயரும், எந்தச் சர்வர் என்பதும் போதும். பூட்டுப் போட்டு அனுப்பினால் நடுவில் இருக்கிற சர்வர்கூடப் படிக்க முடியாது. பட்டனை அமுக்கிப் பிடித்துப் பேசவும் முடியும். அதைப் பார்த்த பிறகுதான் செம்மொழி தலையாட்டினாள்.

"அப்ப எங்க ஊரு ஆளுங்களையும் ஒன்னோட சர்வர்லயே சேத்துடு," என்றான் ஹமீது. "எனக்கு வேலை மிச்சம்."

"மாட்டேன். எல்லாரும் எங்கிட்ட வந்தா அப்புறம் நானும் ஒரு கம்பெனி. நீ ஒண்ணு வையி."

அவன் முனகிக்கொண்டே வைத்தான்.

இணைய இணைப்புத் தரும் கேபிள்காரரிடம் சர்வருக்கென்று மாறாத ஐ.பி. முகவரி ஒன்று கேட்டு வாங்கி, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் பழைய கம்ப்யூட்டரை இன்வெர்ட்டரில் மாட்டினாள் செம்மொழி. முகவரிக்கு என்ன பெயர் என்று யோசிக்கவே இல்லை. இராஜாங்கம் வீடு என்று பதிந்தாள். இனி அந்தக் குடும்பத்தில் யாருடைய முகவரியும் அப்படித்தான்: அவரவர் பெயர், நடுவில் மின்னஞ்சலில் வருகிற @ சுழி, பிறகு இராஜாங்கம் வீடு.

ஆனால் ஆள் வரவேண்டுமே. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு விளக்கினாள். திருப்பூர்ப் பெரியப்பா மகன் சிரித்தான். "ஒனக்காக நாங்க ஏன் வீடு மாறணும்?" என்று கேட்டாள் சென்னையில் இருக்கும் ஒரு மதினி. முதல் வாரத்தில் பதினொரு பேர் வந்தார்கள். அண்ணாதுரை வரவில்லை. "புது சிம் வாங்கு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

வீட்டில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ரெங்கம்மாள் ஒருநாள் மகளின் போனை வாங்கி அண்ணாதுரையின் நம்பருக்குப் போடச் சொன்னாள்.

"ஏய்யா, ஒன் கொரலைக் கேட்டு ஒரு மாசமாச்சு. எனக்கும் ஒண்ணும் ஓடல. ஆனா இனிமே எங்கொரலு ஒனக்கு வேணும்னா ஒன் தங்கச்சி சொல்ற எடத்துக்கு வா. எம்மவளை வெளிய தள்ளுன எடத்துல நான் வந்து பேச மாட்டேன்."

அன்று மாலையே குவைத்திலிருந்து அவன் பெயர் வந்து சேர்ந்தது. ரெங்கம்மாளும் அண்ணாதுரையும் இனி அங்கேதான் பேசுவார்கள் என்று ஆனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆடி பிறக்கும்போது முப்பத்தெட்டு பேர். அதில் புகழேந்தியும் ஒருவன். அவன் வந்ததில் செம்மொழிக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

அந்தச் சந்தோஷம் பத்து நாள் நின்றது.

கரை விஷயத்தை அவள் விட்டுவிடவில்லை. அந்த வருஷம் தண்ணீர் திறப்பது தள்ளிப்போக, வெட்டும் நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கப் போவதாகவும், அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை காலையில் லாரிகள் ஏற்றும்போது இன்னொரு முறை படம் எடுக்கப்போவதாகவும் வீட்டுக் குரூப்பில் மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் பொக்லைனும் இல்லை, டிப்பரும் இல்லை. வெட்டிய குழியில் செத்தையைக் கொட்டி மூடியிருந்தார்கள். அங்கே நின்றிருந்த சாமிதுரையின் ஆள், "என்னக்கா, படம் எடுக்க வெள்ளிக்கெழமைதான் நல்ல நாளா?" என்று கேட்டுச் சிரித்தான்.

நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் ஒளிக்கவில்லை.

"ஆமா, நாந்தான் சொன்னேன். என்ன இப்ப? மனுவுல என் வண்டி நம்பரையும் சேத்துத்தானே எழுதியிருக்க? கேசுன்னு வந்தா டிரைவரைத்தான் புடிப்பான், சாமிதுரையையா புடிப்பான்? என்னை மாட்டிவிடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டியாக்கா?"

அவள் கேட்கவில்லைதான். அது சுருக்கென்று தைத்தது. தைத்ததனாலேயே கோபம் இரட்டித்தது. கடைக்கு வந்து சர்வரைத் திறந்து புகழேந்தியின் கணக்கை மூடினாள். ஒரு சொடுக்கு. ஒரு நொடிகூட ஆகவில்லை.

சாயங்காலம் ரெங்கம்மாள் போனைக் கேட்டு வாங்கினாள். "சின்னவன் ஒண்ணும் பேசலியே?"

"அவனைத் தூக்கிட்டேன்."

"தூக்கிட்டியா? யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கணும்? என்னோட சர்வரும்மா."

ரெங்கம்மாள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்தக் கம்பெனிக்காரனும் இதைத்தானேடி சொல்லியிருப்பான்," என்றாள். அன்று அண்ணாதுரைக்கும் பேசி அனுப்பவில்லை. மறுநாளும் அனுப்பவில்லை.

செம்மொழிக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. காட்டிக்கொடுத்தவனை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியுமா? இரண்டு நாள் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தாள். யாரோ ஒருவர் பட்டாவை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு, "ஏம்மா, நாலு காப்பின்னு சொன்னேன், நீ ஒண்ணும் எடுக்கலியே" என்றபோதுதான் மெஷின் ஓடாமலே தான் நின்றுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. எரநூறு பேர் அமுக்கித் தன்னைத் தள்ளினார்கள். தம்பியைத் தள்ள இவள் ஒருத்தி போதுமாயிருந்தது.

மூன்றாம் நாள் ஹமீதுக்குப் போன் போட்டாள்.

"எங்க வீட்டுக் குரூப்பை ஒன்னோட சர்வருக்கு மாத்தணும்."

"ஏன், ஒன்னுது படுத்துடுச்சா?"

"ஓடுது. ஆனா யாரைச் சேக்கறது, யாரை நீக்கறதுங்கறது என் கையில இருக்கக் கூடாது. எங்கம்மா பேருல வையி. அதுக்குன்னு தனியா ஒரு போன் வாங்கித் தர்றேன்."

"ஒங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே."

"யாரை உள்ள வைக்கணும், யாரை வெளிய வைக்கணும்னு அதுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்."

பிறகு தம்பி வீட்டுக்குப் போனாள். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒன் கணக்கைத் திறந்துட்டேன்," என்றாள். "மூடுனது தப்பு. அதுக்காகத்தான் வந்தேன், வேற எதுக்கும் இல்ல. மனுவுல ஒன் வண்டி நம்பர் இருக்கும். எடுக்க மாட்டேன். ஆனா வண்டி முதலாளி பேரும், வெட்டச் சொன்னது யாருன்னும் முதல் வரியில போட்டிருக்கேன். டிரைவருங்க கூலிக்கு ஓட்டுறவங்கன்னும் எழுதியிருக்கேன். படிச்சுப் பாரு."

"ஒன் சர்வருக்கு நான் திரும்ப வரமாட்டேன்," என்றான் புகழேந்தி. "இன்னிக்குத் தொறப்ப, நாளைக்கு மூடுவ."

"வராத. ஹமீதுகிட்ட போ. இல்ல, ஒலகத்துல ஆயிரம் சர்வர் இருக்கு, எங்க வேணா போயி ஒரு பேரு வச்சுக்க. எங்கேருந்து வேணா அம்மாகிட்ட பேசலாம். என்னால தடுக்க முடியாது. அதுக்குத்தான் இந்த எழவைத் தேடிப் புடிச்சேன்."

அவன் அப்போதுதான் அவளைப் பார்த்தான். "நெசமாவே தடுக்க முடியாதா?"

"முடியாதுடா."

திங்கட்கிழமை அவள் தனியாகவே திருவாரூர் போய் மனுக் கொடுத்தாள். பத்து நாளில் அதிகாரிகள் வந்து கரையை அளந்தார்கள். வெட்டு நின்றது. சாமிதுரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வேறு ஊருக்குப் பொக்லைனை ஓட்டிக்கொண்டு போனார். வாய்க்காலில் தண்ணீர் தளும்பியபோது உடைந்த இடத்தில் மணல் மூட்டை அடுக்கியது ஊர்க்காரர்கள்தான். அதில் செம்மொழியும் இருந்தாள், முட்டி அளவு சேற்றில். புகழேந்தியை யாரும் பிடிக்கவில்லை. ஆனால் சாமிதுரை அவனை வேலையை விட்டு நிறுத்தினார். அவன் அறுவடை மெஷின் ஓட்டப் போனான்.

ஆவணியில் பழைய செயலிக்காரர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தவறுதலாக மூடிவிட்டோம், கணக்கு மறுபடி திறக்கப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று. செம்மொழி அதைக் கடையில் நின்றுகொண்டே படித்தாள். போனிலிருந்து அந்தச் செயலியை நீக்கினாள். கடைக்கு வருகிறவர்கள் சிலர், "அதுல இல்லீங்களா நீங்க? அப்ப எப்படி டாக்குமென்ட் அனுப்புறது?" என்று அலுத்துக்கொள்வார்கள். "பென் டிரைவ் குடுங்க, மெயில் போடுங்க, இல்ல நேர்ல வாங்க" என்பாள். சிலர் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று இருந்தாள்.

புகழேந்தி எந்த நாட்டிலோ யாரோ நடத்தும் ஒரு சர்வரில் தனக்கென்று ஒரு முகவரி வாங்கிக்கொண்டு குரூப்புக்கு வந்தான். ரெங்கம்மாளின் புதுப் போனில் அனுமதி கேட்டு மணி அடித்தது. அவள் மகளைப் பார்க்காமலே விரலை வைத்து உள்ளே விட்டாள். அவனுடைய முதல் குரல் செய்தி ஒன்றேகால் நிமிஷம். அதில் பாதி அக்காவைத் திட்டியது: ஊருக்கு நியாயம் பேசுகிறவள் வீட்டில் சர்வாதிகாரி, மனு எழுதியதில் இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை, வாய்க்கால் கரையில் மூட்டை அடுக்கத் தெரியாமல் அடுக்கியிருக்கிறாள், அடுத்த தண்ணீரில் அது நிற்காது. குரூப்பில் எல்லோரும் கேட்டார்கள். குவைத்திலிருந்து அண்ணாதுரை சிரித்துத் தள்ளினான்.

செம்மொழி முழுவதையும் கேட்டாள். பிறகு பட்டனை அமுக்கிப் பிடித்தாள்.

"எழுத்துப்பிழை ஒண்ணுதான். மூட்டை அடுக்கினதுல கொறை சொல்றவன் ஞாயித்துக்கெழமை மம்பட்டியோட வாய்க்காலுக்கு வந்து காட்டட்டும். நான் காலையிலேயே அங்க நிப்பேன்."